தாலாட்டுக்கு எதற்கு கிளிக் ட்ராக்?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகள் வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் எம்.ஏ. கடைசி வருடம் படிக்கிறாள். அங்கே மாணவர்கள், ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் மூன்று தரப்பும் தாங்களே உருவாக்கிய படைப்புகளை வருடத்துக்கு ஒருமுறை ஒரே மேடையில் வைக்கிறார்கள். வழக்கமான கச்சேரி கூடாதாம். என் மகள் அவள் அப்பத்தாவின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்து, அதிலிருந்து இருபது நிமிட உருப்படி ஒன்று செய்யப்போகிறாள். 'நீலாம்பரி ராகத்தில் போட்டு, கீபோர்டும் தபேலாவும் சேர்த்துக்கொள்' என்று அவளுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். 'ராகம் பாட வராதவர்கள்தான் ப்ராஜெக்ட் செய்வார்கள்' என்று என் மைத்துனர் கேலி செய்கிறார். ஒப்பாரி என்று கேட்டதும் என் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பன்னிரண்டு வருடம் பாட்டு கற்றவளுக்கு இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளை அப்பத்தாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி சொல்ல நம் பக்கத்துப் பெண்கள் சம்மதிக்கமாட்டார்கள். வாயில் வந்தால் வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயம். நாட்டார் பாடல் சேகரித்தவர்கள் சிலர் ஊருக்கு வெளியே மரத்தடியில் உட்காரவைத்துத்தான் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அப்பத்தா அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். தாலாட்டு மட்டுமே போதும், இருபது நிமிடத்துக்கு அதுவே அதிகம்.

தாலாட்டையும் கேட்டவுடன் வாங்கிவிட முடியாது. முப்பது வருடத்துக்கு முன் ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு என் பாட்டி, எங்கள் பேச்சில் ஆயா, அவர்கள் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு அடி சொன்னார்கள், பிறகு மறந்துவிட்டது என்றார்கள். கொக்கியில் பழைய தொட்டிலைக் கட்டிக் கொடுத்தேன். 'வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாதுடா' என்று அதட்டல்தான் கிடைத்தது. கடைசியில் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தினோம். மறந்த பாட்டு முக்கால் மணி நேரம் வந்தது. மாமன் ரங்கூன் போனது, அங்கிருந்து வந்த சாமான்கள், தேக்கில் நிலை வைத்தது எல்லாம் வரிசையாக வந்தன.

அந்த டேப்பைப் பல வருடம் கழித்துக் கேட்டபோதுதான் ஒன்று பிடிபட்டது. தாளம் ஆயாவின் கையில் இல்லை, தொட்டிலில் இருக்கிறது. பிள்ளை சிணுங்கும்போது ஆட்டம் வேகம், பாட்டும் வேகம். கண் செருகச் செருக ஆட்டம் தளர்கிறது, அடிகள் நீள்கின்றன, 'ஆராரோ' ஒரு மூச்சு முழுக்க இழுபடுகிறது. கடைசிப் பகுதியில் சொற்களே இல்லை, வெறும் முனகல். இதை ஒரே வேகத்தில் டிக் டிக் என்று தாளம் தட்டும் கிளிக் ட்ராக்கின் மேல் ஏற்றித் தபேலாவைத் தட்டினால் பிள்ளை எழுந்துவிடும்! உங்கள் மகளின் ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாலாட்டு என்றால் நீலாம்பரி என்பது பாடத்திட்டத்தில் ஊறிய பழக்கம். ஆனால் அப்பத்தா பாடுவது மூன்று நான்கு ஸ்வரத்துக்குள் சுற்றலாம், தொடங்கிய சுருதியிலிருந்து மெல்ல இறங்கலாம். மென்பொருளில் அதைச் சரிசெய்ய வேண்டாம். எங்கே இறங்குகிறது, ஏன் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் நீங்கள் கேட்ட படிப்பு.

பாட்டை ஸ்வரங்களாக எழுதி, அதாவது ஸ்வரப்படுத்திவிட்டால் போதாதா என்று அவள் கேட்கக்கூடும். ஒருநாள் புதுக்கோட்டை வழியாகக் குடுமியான்மலைக்கு அழைத்துப் போங்கள். சிகாநாதசாமி கோயிலை ஒட்டிய பாறையில் 38 வரிகளில் இசைக் கல்வெட்டு இருக்கிறது, ஏழு தலைப்புகளில் ஸ்வரங்கள். ர, ரி, ரு, ரே என்று உயிர் மாற்றி மாற்றிக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். கடைசியில் தமிழில் ஒரு வரி, 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய' என்று. அந்த உயிர்மாற்றம் எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கல்லில் எழுத்து அப்படியே இருக்கிறது, பாடிக்காட்டிய தொண்டைதான் இல்லை. ஆகவே மகள் முதலில் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அப்பத்தாவைப் போலவே, அதே மூச்சில் பாடக் கற்கட்டும். பன்னிரண்டு வருடச் சங்கீதம் அங்கே அவளுக்கு உதவியும் செய்யும், தொல்லையும் கொடுக்கும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் தானாக வந்து ஒட்டும், அதைப் பிடித்து நிறுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. அது கைவந்த பிறகு கீபோர்டோ வீணையோ எதைச் சேர்ப்பது என்று அவளே முடிவு செய்யலாம். நானாக இருந்தால் வீணை. காரைக்குடி சகோதரர்கள் வாசித்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எதைச் சொல்வேன்? சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார், தம்பி சாம்பசிவய்யர் கிடத்தி வாசித்தார். ஒரே வீட்டில் இரண்டு விதம்.

மைத்துனருக்கு ஒரு வார்த்தை. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில்தான் 1941இல் தமிழிசை மாநாடு நடந்தது. தொடர்ந்து அங்கிருந்த இசை ஆசிரியர்கள் தமிழ்ப் பாடல்களை ஸ்வரப்படுத்தித் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். இன்றைய பேச்சில் அதற்கும் பெயர் ப்ராஜெக்ட்தான். அங்குள்ள இசைக் கல்லூரியில் முதல்வராக இருந்த பாடகர் டைகர் வரதாச்சாரியாருக்கு ராகம் பாட வராது என்று மைத்துனர் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். தண்டபாணி தேசிகரும் பிற்பாடு அங்கே இசைத்துறையில் தலைமை வகித்தவர்.

மூன்று தரப்பும் ஒரே மேடை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. ஆசிரியர் மாணவியின் படைப்பைத் திருத்துகிறார், சரி. ஆசிரியரின் படைப்பை மாணவி திருத்த இடம் உண்டா? பழைய மாணவர்கள் பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விடாமல் தங்கள் ஒலிப்பதிவுக் கருவிகளையும் பழக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறார்களா? இவை இல்லாவிட்டால் அது இன்னொரு ஆண்டுவிழா.

இன்னொன்று. நம் தாலாட்டுகளில் ஆட்களின் பெயரும் ஊரும் கொடுக்கல் வாங்கலும் வரும். மேடையில் ஒலிக்கும் முன் குடும்பத்தாரிடம் கேட்டுவிடுங்கள், பங்காளிகள் உட்பட. நிகழ்ச்சி நிரலில் அப்பத்தாவின் பெயர் முதலில் வரட்டும். 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டு முடித்துவிடக்கூடாது.

பல்கலைக்கழக அரங்கத்துக்கு முன்னால் உங்கள் வீட்டு வளவில், அந்த நடு முற்றத்தில், ஒருநாள் பாடிக்காட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்க வேண்டாம், வளவே எடுத்துக்கொடுக்கும். அப்பத்தா நடுவில் குறுக்கிட்டு 'அப்படி இல்லத்தா' என்று திருத்தினால் ரிக்கார்டரை நிறுத்தவேண்டாம். தேதி முடிவானதும் எனக்கும் ஒரு வரி போடுங்கள், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன்.