எண்ணிக்கையை எப்போது விடுவது? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

எனக்கு வயது 27. படுத்தால் தூக்கம் வர ஒரு மணிநேரம் ஆகிறது. மூன்று வாரமாக இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து பத்து நிமிடம் கபாலபாதி செய்கிறேன். பிறகு படுத்துக்கொண்டு 4-7-8 மூச்சு, அதாவது நான்கு எண்ண இழுத்து, ஏழு எண்ண அடக்கி, எட்டு எண்ண விடுவது, இருபது சுற்று. விரல்நுனி மரத்துப்போகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இன்னும் தள்ளிப்போகிறது. இப்படிச் செய்துவந்தால் லூசிட் ட்ரீமிங், அதாவது கனவென்று தெரிந்தே கனவு காண்பது, தானாக வரும் என்றார்கள். அதுவும் வரவில்லை. போன வாரம் விடிகாலையில் விழிப்பு வந்தபோது கைகால் அசையவில்லை. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அம்மா ‘அமுக்குவான் பேய்’ என்கிறார். பயிற்சியால் வந்த வினையா? தொடரலாமா?

கே.

அன்புள்ள கே.,

கபாலபாதியை இன்றிரவே நிறுத்துங்கள். அது காலையில், வெறும் வயிற்றில், உடம்பை எழுப்புவதற்காகச் செய்வது. மூச்சை வேகமாக வெளியே தள்ளத் தள்ள இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. இரத்தத்தின் காரத்தன்மை சற்றே கூடுகிறது. அதிலுள்ள கால்சியத்தில் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நரம்புகள் சிறு தூண்டலுக்கே துடிக்கின்றன. விரல்நுனியில் வரும் மதமதப்பு அதுதான். மூளையின் இரத்தக்குழாய்களும் சுருங்குவதால் தலை லேசாகும். சிலர் இதைச் சக்தி ஏறுவதாக எண்ணி மகிழ்கிறார்கள். ஏறுவது ஒன்றுமில்லை, கரியமில வாயு இறங்குகிறது.

அடுத்து 4-7-8. பிராணாயாமத்திலிருந்து எடுத்து இதைப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ வைல். ஒரு தடவைக்கு நான்கே சுற்று, முதல் மாதம் அதைத் தாண்டக்கூடாது என்பது அவர் சொன்ன வரம்பு. நொடிக்கு ஓர் எண் என்றால் ஒரு சுற்று 19 நொடி, நான்கு சுற்று 76 நொடி. நீங்கள் ஆறு நிமிடத்துக்கு மேல் செய்கிறீர்கள். பழக்கமில்லாதவர் ஏழு எண்ணும்வரை மூச்சை அடக்கினால் காற்றுக்கு ஏங்கும் உணர்வு வரும், அடுத்த மூச்சை ஆவென்று இழுப்பார், நெஞ்சு படபடக்கும். படபடப்போடு உறங்கியவர் யார்?

திருமந்திரத்தில் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை என்று கணக்கு வருகிறது. வைலின் கணக்கோடு வைத்துப் பாருங்கள்: இரண்டிலும் விடும் மூச்சு இழுக்கும் மூச்சைப் போல இரு மடங்கு. மாறுவது கும்பகம் மட்டும்தான். உறக்கத்துக்கு உதவுவது அந்த நீண்ட ரேசகம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கிறது. விடும் நேரத்தை நீட்டினால் தணிந்திருக்கும் நேரமும் நீளும். கும்பகம் நிமிர்ந்து உட்கார்ந்து விழித்திருப்பவருக்கு உரியது என்பது என் எண்ணம். தூங்கப்போகிறவருக்கு அது தேவையில்லை.

ஆகவே அடக்காமல் செய்யுங்கள். நான்கு எண்ண இழுத்து, ஆறு எண்ண விடவேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இரண்டுமே மூக்கு வழியாக. ஒரு கையை வயிற்றில் வையுங்கள். கை ஒரு விரற்கடை உயர்ந்தால் போதும், நெஞ்சு எழும்பக் கூடாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு உங்கள் மூச்சு கேட்டால் அதிகமாக இழுக்கிறீர்கள். ஆறு எண்ணும் முன்பே காற்று தீர்ந்துவிட்டால் 3-க்கு 5 என்று குறையுங்கள். விடுவது இழுப்பதைவிட நீண்டிருப்பதுதான் முக்கியம், நொடிக்கணக்கு அல்ல. மூக்கு ஒரு பக்கம் அடைத்திருந்தால் அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள், சில நிமிடங்களில் திறக்கும்.

முப்பது மூச்சு, அதாவது ஐந்து நிமிடம். இனிமேல்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம். பன்னிரண்டா பதின்மூன்றா என்று எண்ணிக்கை குழம்பும். குழம்பினால் குழம்பட்டும். பள்ளிப் பிள்ளை வாய்ப்பாட்டைத் திருத்துவது போல மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். அந்தக் குழப்பம்தான் உறக்கத்தின் வாசல். திருத்தப் போனால் நீங்களே கதவைச் சாத்துகிறீர்கள். முப்பதும் எண்ணி முடித்தாலும் அதோடு விட்டுவிடுங்கள், மூச்சு தன் போக்கில் போகட்டும்.

படுத்ததும் தூங்கிவிட வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். உடல்நலமுள்ளவருக்குப் பத்து முதல் இருபது நிமிடம் ஆவது இயல்பு. இருபது நிமிடம் ஆனது போலத் தோன்றினால் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து வேறிடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். ஒரு மணிநேரம் புரள்கிற உங்களுக்குப் பதினொரு மணி சீக்கிரமாகவும் இருக்கலாம். சில நாள் பன்னிரண்டுக்குப் படுத்து, எழும் நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துப் பாருங்கள்.

இனி நீங்கள் சொன்ன லூசிட் ட்ரீமிங், தமிழில் தெளிகனவு. இரவு பதினொரு மணி மூச்சுக்கும் அதற்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை. உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி, கனவு செறிந்த ரெம் உறக்கம் விடியலை நெருங்க நெருங்கத்தான் நீளும். அதனால் தூங்கி ஐந்து மணிநேரம் கழித்து அலாரம் வையுங்கள். எழுந்ததும் நினைவிலிருக்கும் கனவை நான்கு வரி எழுதுங்கள். இருபது முப்பது நிமிடம் விழித்திருங்கள், கைபேசியைத் தொடாமல். பிறகு படுத்து, எழுதிய கனவை மனதில் ஓட்டி, ‘இங்கேயே இது கனவென்று தெரிந்திருக்க வேண்டும்’ என்று படும் இடத்தில் தெரிந்துகொண்டதாகக் கற்பனை செய்யுங்கள்.

இப்போது மூச்சு. இழுக்கவோ நீட்டவோ வேண்டாம், வருவதைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு முறை விடும்போதும் மனதுக்குள் ‘ஒன்று, இது கனவு, இரண்டு, இது கனவு’ என்று எண்ணுங்கள். இங்கே விதி தலைகீழ்: எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இரவில் நழுவவிட்ட நூலை விடியலில் பிடித்துக்கொண்டே உள்ளே போகப் பார்க்கிறீர்கள். இறுக்கிப் பிடித்தால் தூக்கமே வராது, தளர்த்தினால் சாதாரணத் தூக்கம் வந்துவிடும். நல்ல வேளையாக இரண்டாவது தவறுக்கு நஷ்டமில்லை.

கனவுக்குள் போனபின் உறுதி செய்துகொள்ளவும் மூச்சே உதவும். மூக்கை விரலால் இறுக மூடி மூச்சிழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் கனவு. பகலில் ஏழெட்டு முறை, உண்மையாகவே சந்தேகப்பட்டுச் செய்துவந்தால்தான் கனவிலும் அந்தக் கை எழும்.

தெளிகனவு கற்பனையல்ல என்று முதலில் காட்டியவர் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கீத் ஹெர்ன். 1975-இல், உறங்குபவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடவலமாக அசைத்துக் கனவுக்குள்ளிருந்து சைகை காட்டினார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ், கனவில் மூச்சை அடக்கினால் படுக்கையிலிருக்கும் உடம்பும் அடக்குகிறது என்று பதிவு செய்தார். கண்ணையும் மூச்சையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: ரெம் உறக்கத்தில் கைகால் தசைகளை மூளைத்தண்டு முடக்கிவைக்கிறது, கண்தசையும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத்தசையான உதரவிதானமும் அதற்கு விதிவிலக்கு.

உங்கள் அமுக்குவான் வருவதும் இங்கிருந்துதான். விழிப்பு வந்துவிட்டது, முடக்கம் இன்னும் விலகவில்லை. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் முடங்கியிருப்பதால் வேண்டுமென்று ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சு கேட்காது. அது பாரமாகத் தெரிகிறது. உதரவிதானம் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது, மூச்சு நிற்காது. ஆகவே இழுக்கப் போராடாதீர்கள். கண்ணை உருட்டுங்கள், ஒரு விரல்நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள். சில நொடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் விலகும். தூக்கக் குறைவும் மல்லாந்து படுப்பதும் இதை வரவழைக்கும். பயிற்சி நேராக இதைக் கொண்டுவரவில்லை, மூன்று வாரமாக உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததன் வழியாக வந்திருக்கலாம். விடிகாலையில் எழுந்து திரும்பத் தூங்கும் முறையிலும் இது வர வாய்ப்புண்டு என்பதையும் மறைக்கக்கூடாது.

அதனால் முதலில் இரண்டு வாரம் இரவு மூச்சு மட்டும். தூக்கம் ஒழுங்கானபின் மறுநாள் விடுமுறையாக உள்ள இரவில், வாரத்துக்கு ஒருமுறை, அலாரம் வைக்கலாம். இருமுனை மனநோய், மனச்சிதைவு போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த அலாரப் பக்கமே போகவேண்டாம். தூக்கம் உடைவது அவர்களுக்கு ஆபத்து. ஆஸ்துமாக்காரர்களும் கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மூச்சை அடக்கும் எதையும் தவிர்க்கட்டும்.

ஒன்று அம்மாவிடம் கேளுங்கள்: நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, குறட்டை நடுவில் நின்று பிறகு திணறலோடு தொடங்குகிறதா? ஆம் என்றால் இதெல்லாம் இருக்கட்டும், முதலில் நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ உறக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.