"ஆயா வேலைங்களா அக்கா?" – காங்கயம் அம்மணிக்கு ஒரு பதில்

காங்கயத்துல இருந்து ஒரு அம்மணி கேட்டிருக்காங்க. கணக்குல எம்.எஸ்சி., பி.எட். முடிச்சு, மெட்ரிக் பள்ளியில ஆறு வருஷம் டீச்சர். வூட்டுக்காரருக்கு இங்கிலாந்துல வேலை. வர்ற அக்டோபர்ல இவங்களும் டிபென்டன்ட் விசாவுல கிளம்பறாங்க. "அங்க செகண்டரி ஸ்கூல்ல லேர்னிங் சப்போர்ட் அசிஸ்டன்ட் வேலை சுலபமாக் கிடைக்கும்ங்கிறாங்க. எங்க அத்தை, 'பி.எட். படிச்சுப்போட்டு ஆயா வேலைக்கா போறே'ங்கிறாங்க. அது என்ன வேலைங்க்கா? சம்பளம் எப்படி? என்ற இங்கிலீசு போதுங்களா?"

நான் இப்ப கோபியில, அம்மா வூட்டுத் திண்ணையில உக்காந்துட்டுத்தான் இதை எழுதறேன். ஆகஸ்டு மாசம் பூராவும் ஊர்ல இருக்க முடியுதுன்னா அதுவே இந்த வேலையோட முதல் லாபம். கோடை லீவு ஆறு வாரம். இங்கிலாந்துல கவன்ட்ரிங்கற ஊர்ல பத்து வருஷமா இதே வேலைதான் பார்க்கறேன். உங்க அத்தை கேட்டதை எங்கம்மாவும் கேட்டாங்க. ஒறம்பரைக்கெல்லாம் இன்னிக்கும் "லண்டன்ல டீச்சர்"னுதான் சொல்லி வெச்சிருக்காங்க. லண்டனும் இல்ல, டீச்சரும் இல்ல. நானும் திருத்தறதை விட்டுட்டேன்.

ஆயா வேலை இல்லீங்க. ஆனா டீச்சர் வேலையும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம். நம்மூர்ல அதுக்குப் பேரே இல்லாததால புரியவைக்கறது கஷ்டம்.

அங்க செகண்டரின்னா பதினொரு வயசுல ஏழாம் வருஷம் சேர்ந்து, பதினாறு வயசுல பதினொண்ணாம் வருஷம் முடிச்சு, ஜிசிஎஸ்இ தேர்வு எழுதற வரைக்கும். அதுல எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படற பிள்ளைங்க, ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்க, ஒரு எடத்துல உக்கார முடியாத பிள்ளைங்க, காது சரியாக் கேக்காத பிள்ளைங்க எல்லாம் மத்தவங்களோட ஒட்டுக்கா ஒரே வகுப்புலதான் இருப்பாங்க. உதவி ரொம்பத் தேவைப்படற பிள்ளைக்கு இ.எச்.சி.பி.ன்னு ஒரு திட்டம் இருக்கும். 2014ல வந்த சட்டப்படி உள்ளாட்சி நிர்வாகம் எழுதிக் கொடுக்கற ஆவணம் அது. இந்தப் பிள்ளைக்கு இன்ன உதவி, இவ்வளவு நேரம்னு அதுல இருக்கும். அந்த உதவியில ஒரு பங்குதான் நாம. சென்கோன்னு ஒரு மூத்த ஆசிரியர் இதையெல்லாம் பார்த்துக்குவார்; நமக்கு வேலை சொல்றது அவர்தான்.

மணி அடிச்சா அங்க வாத்தியார் வகுப்பு மாற மாட்டார், பிள்ளைங்கதான் மாறும். அதனால நாமளும் அந்தப் பையன் பின்னாடியே மாடி ஏறி எறங்கி ஓடணும். காலையில கணக்கு, அப்பறம் பிரெஞ்சு, அப்பறம் அறிவியல் லேப், மத்தியானம் சமையல் வகுப்பு. நல்ல ஷூ வாங்கிக்குங்க, அழகு பார்க்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நீங்க ஆறு வருஷம் டீச்சரா இருந்தேன்னு சொன்னதுமே எனக்கு வந்த வெசனம் இதுதான். நானும் இங்க மூணு வருஷம் டீச்சரா இருந்துட்டுத்தான் போனேன். முதல் மாசம் ஒரு எட்டாம் வருஷப் பையன் பக்கத்துல உக்கார வெச்சாங்க. வாய்ல நல்லாப் பேசுவான், எழுதச் சொன்னா பேனாவைக் கீழே போட்டுருவான். எனக்குப் பொறுக்கல. ஒரு வரி நான் சொல்லி எழுத வெச்சேன், அடுத்த வரியை நானே பென்சில்ல லேசா எழுதி மேல எழுதச் சொன்னேன், கடைசிக்கு நானே எழுதிட்டேன். நோட்டு ஜம்முன்னு ரொம்பிருச்சு. நம்மூர்ல நோட்டு ரொம்பினா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க பாராட்டுவாங்களே, அந்த நெனப்பு. மூணாவது வாரம் சென்கோ அம்மா கூப்பிட்டு, நோட்டை விரிச்சு வெச்சு, கோவமில்லாம ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "இதுல அவன் செஞ்சது எது?" எனக்குக் காட்ட ஒரு வரி இல்ல.

இது என் ஒருத்தியோட தப்பு இல்லன்னு பின்னாடி தெரிஞ்சது. இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகள்ல அஞ்சு வருஷம் நடந்த ஆய்வு ஒண்ணு 2009ல வெளிவந்தது. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டுங்கற பேராசிரியர் தலைமையில நடந்தது. உதவியாளர் பக்கத்துல அதிக நேரம் உக்காந்த பிள்ளைங்க, அதே மாதிரி இருந்த மத்த பிள்ளைங்களைவிடப் படிப்புல கம்மியாத்தான் முன்னேறினாங்கன்னு அதுல வந்துது. உதவி பண்ணறவங்க மோசமானவங்கங்கறதால இல்ல. வேலையை முடிக்க வைக்கறதுலயே குறியா இருந்தாங்க, கத்துக்கறதைப் பார்க்கல. அது போக, "அந்தப் பையனை அந்தம்மா பார்த்துக்குவாங்க"ன்னு வாத்தியாரும் அந்தப் பக்கம் வர்றதில்ல. அந்த ஆய்வுக்கப்பறம் எங்களுக்குக் கொடுக்கற பயிற்சியே மாறிப்போச்சு.

அதனால இப்ப நான் எப்படிப் பண்ணறேன்னா, வாத்தியார் சொல்லி முடிச்சதும் பையன்கிட்ட "முதல்ல என்ன பண்ணணும்னு சொன்னார்?"னு மட்டும் கேப்பேன். கேட்டுட்டு வாயை மூடிக்குவேன். பத்து எண்ணறதுக்குள்ள நமக்கு நாக்கு அரிக்கும். டீச்சரா இருந்தவங்களுக்கு அமைதியா இருக்கறதுதான் ரொம்பக் கஷ்டம். அவன் யோசிக்கறானா, பராக்குப் பார்க்கறானான்னு முகத்தை வெச்சே கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. முடியலைன்னா ஒரு சின்ன துப்பு, அப்பவும் முடியலைன்னா ஒரு படி காட்டிக்கொடுத்துட்டு, எந்திரிச்சு அடுத்த பெஞ்சுக்குப் போயிருவேன். நடவு முடிஞ்ச வயலுக்கு மடை தொறந்து விட்டுட்டு வரப்புல நின்னு பார்க்கற மாதிரி. தண்ணியை நாம தூக்கிட்டுப் போயா ஊத்தறோம்?

நீங்க கணக்குங்கறதால இன்னொண்ணு. அவங்க வகுத்தலை "பஸ் ஸ்டாப்"னு சொல்லுவாங்க. போடற கோடு பஸ் நிறுத்தத்துக் கூரை மாதிரி இருக்கும். கூட்டல், பெருக்கல்ல எதை முதல்ல பண்ணணும்ங்கறதுக்கு நாம போட்மாஸ்னு படிச்சதை அங்க பிட்மாஸ்ங்கறாங்க. பூஜ்யத்துக்கு நாட். பெருக்கலைக் கட்டம் போட்டுப் பிரிச்சுப் பண்ணுவாங்க. நமக்கு அது சுத்தி வளைக்கற மாதிரித் தெரியும். தெரிஞ்சாலும் நம்ம முறையை நடுவுல நுழைக்காதீங்க. ஏற்கனவே கொழம்பிக் கெடக்கற பிள்ளைக்கு மூணாவதா ஒரு வழி காட்டினா உள்ளதும் போயிரும்.

தேர்வு மாசம்தான் எனக்குப் பிடிச்ச மாசம். நம்மூர்ப் பொதுத்தேர்வுல "சொல்வதை எழுதுபவர்"னு இருக்காங்கல்ல, அதே வேலை. அங்க சில பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்ட ஆள், சிலதுக்கு எழுத ஆள், பலதுக்குக் கால்பங்கு கூடுதல் நேரம். அதுல இருக்கற நுணுக்கம் இருக்கே! கேள்வியை வாசிக்கலாம், விளக்கக் கூடாது. 252ன்னு அச்சடிச்சிருந்தா எண்ணைத் தொட்டுக் காட்டி வாசிக்கலாம். அந்த எண்ணை எழுத்தால எழுதுன்னு கேள்வி இருந்தா வாசிக்கக் கூடாது, ஏன்னா விடையையே சொன்ன மாதிரி ஆயிரும். ஆங்கிலத் தாள்ல வாசிக்கற திறமையைச் சோதிக்கற பகுதிக்கு ஆள் வாசிக்கவே கூடாது. எழுதும்போது அவன் தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும். போன வருஷம் ஒரு புள்ள ஏழு எட்டு அம்பத்து நாலுன்னு சொல்லுச்சு. அம்பத்தி நாலுன்னு எழுதிட்டு, முகத்துல ஒண்ணும் காட்டாம உக்காந்திருந்தேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு அதுவே "இல்ல மிஸ், அடிச்சிருங்க, அம்பத்தாறு"ன்னுச்சு. வெளிய வந்து நான் ஒரு டீயை ரெண்டு மடக்குல குடிச்சேன்.

ஆமாங்க, அங்கயும் மிஸ்தான். கண்ணாலம் ஆகி ரெண்டு பிள்ளை பெத்தாலும் மிஸ்தான்.

பிள்ளைங்க எகத்தாளம் பண்ணுமா? பண்ணும். என் உச்சரிப்பை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டின பசங்க உண்டு. "நீங்க ஒண்ணும் நெசமான டீச்சர் இல்லியே"ன்னு ஒருத்தன் கேட்டான். "இல்லதான், அதனாலதான் உன் பக்கத்துல உக்கார நேரம் இருக்கு"ன்னேன். கெட்ட வார்த்தையும் காதுல விழும். வூட்டுக்குக் கொண்டு வராதீங்க. உங்க இங்கிலீசு போதும். ஆனா அவங்க இங்கிலீசு பழக மூணு மாசம் ஆகும். "யூ ஆல்ரைட்?"னு கேட்டா உடம்புக்கு என்னன்னு கேக்கல, வணக்கம் சொல்றாங்க, அவ்வளவுதான். எனக்கு அது தெரியாம ஆறு பேருகிட்ட என் சளியைப் பத்தி விவரமாச் சொல்லியிருக்கேன்.

நம்ம சுபாவத்துக்கு ஒத்துவராத ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, தொடறது. அழுதுட்டு வர்ற பிள்ளையை நாம சாமி, கண்ணுன்னு கன்னத்தைத் தொட்டு அணைச்சுக்குவோம். அங்க யோசிச்சுத்தான் கை நீட்டணும். போன் நம்பர் கொடுக்கக் கூடாது, மழை பெய்யுதேன்னு கார்ல ஏத்திட்டுப் போய் வூட்ல விடக் கூடாது. ரெண்டாவது ரகசியம். ஒரு பொண்ணு வந்து "மிஸ், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு ஆரம்பிக்கும். நம்ம வாய்ல "சொல்ல மாட்டேன் கண்ணு"ன்னு தானா வந்துரும். வரவே கூடாது. "உன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுன்னா நான் ஒருத்தர்கிட்டச் சொல்லியே ஆகணும்"னு முதல்லயே சொல்லிட்டு, அது சொன்னதை அது சொன்ன வார்த்தையிலயே எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கிட்ட அன்னிக்கே கொடுத்துரணும். கேள்வி கேட்டுக் கிளறக் கூடாது. சேர்ந்த உடனே இதைப் பத்தின அரசாங்க வழிகாட்டியைப் படிக்கச் சொல்லுவாங்க. கையெழுத்தைப் போட்டுட்டு வெச்சுராதீங்க, நெசமாவே படிங்க.

நம்மாளுங்க பிள்ளைங்க வந்தா உங்களைத்தான் கூப்பிடுவாங்க. இங்கிலீசு புதுசுங்கறதுக்காக ஒரு பிள்ளையைக் கற்றல் குறைபாடுன்னு சேர்த்துரக் கூடாது. அங்க விதியே அப்படித்தான், ரெண்டும் வேற வேற. ஆனா எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு தமிழ்க் குடும்பத்துல, பையனுக்கு டிஸ்லெக்சியாவா, அதாவது எழுத்துப் படிக்கத் தடுமாறற குறைபாடா இருக்கலாம், பரிசோதனை பண்ணலாம்னு பள்ளியில சொன்னதும், அந்த அப்பா என்கிட்டத் தமிழ்ல, "என் பையன் என்ன மக்கா? ஊர்ல தெரிஞ்சா யார் பொண்ணு கொடுப்பாங்க?"ன்னாரு. பையனுக்கு வயசு பன்னெண்டு! எங்க பெரியம்மா பையன் ஞாபகம் வந்துச்சு எனக்கு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில மூட்டைக் கணக்கு, கமிசன் எல்லாம் மனக்கணக்காவே போடுவான். ஒரு கல்யாணப் பத்திரிகையை முழுசாப் படிக்க இன்னிக்கும் திணறுவான். எட்டாவதுலயே மக்குன்னு நிறுத்திட்டாங்க. அதை அந்த அப்பாகிட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போட்டாரு.

சம்பளம். விளம்பரத்துல 25,000 பவுண்டுன்னு போட்டிருந்தா அப்படியே மாமனார்கிட்டச் சொல்லிராதீங்க. பக்கத்துலயே பொடி எழுத்துல "புரோ ரேட்டா"ன்னு இருக்கும். அந்தத் தொகை வாரம் 37 மணி நேரம், வருஷம் பூராவும் வேலை பார்க்கறவங்களுக்கு. நீங்க பார்க்கப்போறது 30 மணி நேரம், பள்ளி நடக்கற 39 வாரம். லீவுச் சம்பளமும் சேர்த்துக் கணக்குப் போட்டா 17,000 சொச்சம் வரும். அதையும் பன்னெண்டாப் பிரிச்சு ஆகஸ்டுலயும் கொடுப்பாங்க, அது நிம்மதி. பென்சன் நல்ல பென்சன். ஆனா இந்த ஒரு சம்பளத்துல வாடகையும் கட்டி, குடும்பமும் நடத்தலாம்னு நெனைக்காதீங்க; நடக்காது. ஏஜென்சி வழியாப் போனா நாள்கூலி, வேலை சட்டுனு கிடைக்கும், லீவுல காசு இருக்காது. முதல் ஆறு மாசத்துக்கு அது பரவால்ல. நாலஞ்சு பள்ளியைப் பார்த்துப்போட்டு நல்லதா ஒண்ணுல ஒட்டிக்கலாம்.

உங்களுக்கு இன்னொரு கதவும் இருக்கு. 2023ல இருந்து இந்தியாவுல தகுதி பெற்ற கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியருங்க இங்கிலாந்தோட ஆசிரியர் தகுதிக்கு நேரா விண்ணப்பிக்கலாம். உங்க பட்டமும் பி.எட்.டும் ஆறு வருஷ அனுபவமும் அதுக்கு உதவும். நானா இருந்தா அந்த விண்ணப்பத்தைப் போட்டுட்டு, ஒரு வருஷம் உதவியாளரா உக்காந்து பார்ப்பேன். பதினாலு வயசுப் பிள்ளைங்க முப்பது பேர் முன்னாடி தனியா நிக்கறதுக்கு முன்ன, பின் பெஞ்சுல இருந்து பார்த்துக்கறது நல்லது. நான் ஏன் போடலைன்னு கேப்பீங்க. என்ற பாடம் வரலாறு, அது பட்டியல்ல இல்ல. இருந்திருந்தாலும் போட்டிருப்பேனான்னு தெரியல.

கிளம்பறதுக்கு முன்ன இங்கயே முடிக்க வேண்டியது: கோயமுத்தூர் பாஸ்போர்ட் ஆபீஸ் வழியா போலீஸ் நற்சான்று வாங்கிருங்க. அங்க குற்றப் பதிவு இருக்கான்னு பார்க்கற டி.பி.எஸ். சோதனை பண்ணினாலும், இந்தியாவுல இருந்த காலத்துக்கு இதைக் கேப்பாங்க. அதைவிடத் தொல்லை, கடைசியா வேலை பார்த்த பள்ளியோட பரிந்துரை. லெட்டர் கையில கொண்டுபோனா செல்லாது; அங்கிருந்து நேரா பள்ளிக்கு மெயில் அனுப்பிக் கேப்பாங்க, ஜிமெயில்னா சந்தேகப்படுவாங்க. என் பழைய பள்ளி கரஸ்பாண்டன்ட் மெயிலையே தொறக்காம ஏழு வாரம் வேலை தள்ளிப்போச்சு. கடைசியில எங்கப்பா டி.வி.எஸ். எக்ஸெல்லைக் கிளப்பிட்டுப் போய், ஆபீஸ்ல பக்கத்துலயே உக்காந்து பதில் அனுப்ப வெச்சுட்டு வந்தாரு. உங்க பள்ளி ஆபீஸ்ல மெயில் பார்க்கற பொண்ணு யாருன்னு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்குங்க, போறப்ப ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்துட்டுப் போங்க.