நியோடிமியத்துக்குப் பதில் எதைப் போடலாம்? காந்தக் கலவை பற்றிய கேள்விகள்

கேள்வி: சமாரியம் கோபால்ட் காந்தம் சூட்டை நன்றாகத் தாங்குகிறது. நியோடிமியம்-இரும்பு-போரான் கலவையிலும் கொஞ்சம் சமாரியம் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. அந்தப் படிகத்தில் சமாரியம் காந்தத் திசையை அச்சில் நிற்கவிடாமல் குறுக்குத் தளத்துக்குச் சாய்த்துவிடும். காந்த நீக்குவிசை (காந்தத்தன்மையை இழக்காமல் எதிர்த்து நிற்கும் திறன்) சரியும். பழைய காந்தங்களை உருக்கும்போதும் சமாரியம் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சீரியம் மலிவு. நியோடிமியத்தில் 30 சதவீதத்தைக் குறைத்து அதைப் போடலாமா?

பதில்: காந்தம் எந்தச் சூட்டில் வேலை செய்யும் என்பதை முதலில் பாருங்கள். நியோடிமியக் கலவையின் கியூரி வெப்பநிலை (நிலைக்காந்தத்தன்மை அற்றுப்போகும் சூடு) சுமார் 312 டிகிரி செல்சியஸ். சீரியம் மட்டும் உள்ள அதே படிகத்துக்கு 150தான். ஒலிபெருக்கிக்கும் அலமாரிக் கதவுக்கும் போதும். 120 டிகிரியைத் தொடும் மோட்டாருக்கு வேண்டாம்.

நியோடிமியத்தின் அணு எடை 144, சீரியத்தினது 140 என்பதால் கிலோவுக்குக் கிலோ மாற்றலாம். சீரியத்துக்குப் பதில் இட்ரியம் போட்டால் இந்தக் கணக்கு ஆகாது, அதன் அணு எடை 89தான்: ஒரு கிலோ நியோடிமியத்துக்கு 616 கிராம்தான்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கலக்கும் முறையில். எல்லாவற்றையும் ஒரே உலையில் உருக்கினால் சீரியம் ஒவ்வொரு மணியிலும் (காந்தத்தின் நுண்படிகத் துகளிலும்) பரவி, மொத்தத்தையும் பலவீனமாக்கும். சீரியம் உள்ளது, இல்லாதது என இரண்டு கலவைகளாக உருக்கி, தனித்தனியே பொடித்து, பொடியில் கலந்து சின்டர் செய்யுங்கள் (உருக்காமல் சூட்டில் இறுக்குங்கள்). சூடும் நேரமும் மிஞ்சினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பட்ட பாடு வீண். லைட்டர் கல்லில் பொறி பறக்க வைப்பது இதே சீரியம்தான். காற்றில் தீப்பற்றும் என்பதால் 3 மைக்ரான் பொடியை நைட்ரஜனிலோ ஆர்கானிலோ மட்டுமே திறக்க வேண்டும்.

கேள்வி: சூட்டைத் தாங்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் கிடைப்பது கடினமாகிவிட்டது. எப்படிக் குறைப்பது?

பதில்: உருக்கும்போதே போட்டால் அது மணி முழுக்கப் பரவும். அதன் காந்தத் திருப்புதிறன் (அணுவின் சொந்தக் காந்தம்) இரும்புக்கு எதிர்த்திசையில் நிற்பதால் காந்தத்தின் வலுவும் குறையும். தேவைப்படுவது மணியின் விளிம்பில் மட்டுமே. எண்ணெய் நீக்கி அமிலத்தில் கழுவிய காந்தத்தின் மேல் டெர்பியம் அல்லது டிஸ்ப்ரோசியம் ஃபுளோரைடு பூசி, வெற்றிடத்தில் சுமார் 900 டிகிரியில் பல மணி நேரம் வையுங்கள். பிறகு 500 டிகிரி அளவில் பதப்படுத்துங்கள். நிக்கல் முலாம் இதற்கெல்லாம் பிறகுதான். 5, 6 மில்லிமீட்டரைத் தாண்டிய தடிமனில் நடுப்பகுதிக்குப் போதிய அளவு போய்ச் சேராது. ஆகவே நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அறைச் சூட்டில் அல்ல, 150 டிகிரியில் சோதியுங்கள்.

கேள்வி: பிரசியோடிமியம் கலந்த நியோடிமியம்தான் வருகிறது. பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அப்படியே பயன்படுத்துங்கள். திரவ நைட்ரஜன் குளிரில் இயங்கும் கருவிக்கு மட்டும் பிரசியோடிமியம் மிகுந்த கலவையைக் கேட்டு வாங்குங்கள். நியோடிமியக் காந்தத்தின் திசை 135 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 138 டிகிரி செல்சியஸுக்கு) கீழே சாயத் தொடங்கும். பிரசியோடிமியத்தில் அது சாயாது.