சாயத்துக்குப் போகும் முன்னால் கேளுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வேலைகளைக் கவனிப்பவர்) சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சந்தேகம் கேட்டால் என் சீனியர், "இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தீங்க?" என்கிறார். கேட்காமல் செய்து தப்பாகிவிட்டால், "ஏன் கேக்கலை?" என்று அதற்கும் திட்டு. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எப்படியும் திட்டு உண்டு என்றால், கேட்டுவிட்டே வாங்கிக்கொள்ளுங்கள். துணி சாயப்பட்டறைக்குப் போகும் முன் கேட்டால் ஐந்து நிமிடத்தோடு போகும். கட்டிங் முடிந்தபிறகு தெரியவந்தால் துணி, நூல், ஷிப்மென்ட் தேதி எல்லாம் போச்சு.

ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. "ஜிஎஸ்எம்னா என்ன சார்?" என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்குதான் அது; துணி செக் பண்ணுகிறவரிடமே தெரிந்துகொள்ளலாம். "டெக் பேக்கில் 180 ஜிஎஸ்எம் என்று மட்டும் இருக்கு சார். துவைப்பதற்கு முன்பா, பின்பா? முன்பு என்று எடுத்துக்கொள்ளட்டுமா?" என்பது வேறு ரகம். (டெக் பேக் என்பது பையர், அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனி, தரும் விவரத் தாள்.) துணி நீளத்திலும் அகலத்திலும் 5 சதவீதம் சுருங்கினாலே 180 என்பது 200-ஐத் தொட்டுவிடும். நூல் கணக்கே மாறும். இதற்கு உங்கள் சீனியருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். (அவர் எரிச்சலில் பாதி அதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) அப்போது பையருக்கு ஒரு மெயில் போட வேண்டியதுதான்.

லேப் டிப்பிலும் (நிறம் சரியா என்று பார்க்க முதலில் சாயமேற்றும் சின்னத் துணித் துண்டு) இதே கதை. பகல் வெளிச்சமான டி65-இல் ஒத்துப்போகிற ஷேட், கடை விளக்கான டிஎல்84-இல் வேறாகத் தெரியலாம். பையர் எந்த வெளிச்சத்தில் பார்ப்பார் என்று முதலிலேயே கேளுங்கள். மார்பளவு அரைச் சுற்றா முழுச் சுற்றா, அக்குளிலிருந்து எவ்வளவு கீழே அளப்பது என்பதெல்லாம் சாம்பிள் தைக்கும்போதே தீர்ந்துவிட வேண்டும்.

நாளுக்குப் பத்து தடவை போய் நிற்காமல், சந்தேகங்களைக் குறித்துவைத்து மொத்தமாகக் கேளுங்கள். வாயால் சொன்ன பதிலை, "நீங்கள் சொன்னபடி துவைத்தபின் 180 என்று போடுகிறேன்" என்று அன்றைக்கே மெயிலில் போட்டுவிடுங்கள். அப்புறம் "நான் அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

அளவு, தையல் சந்தேகங்களுக்கு சீனியரைவிட கட்டிங் மாஸ்டர் நல்ல ஆள். மார்க்கரில் (துணியில் வெட்ட வேண்டிய பாகங்களை அடுக்கிப் போட்ட வரைபடம்) எங்கே இடிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். டீ நேரத்தில் போங்கள்; வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.