பதினாறு அங்குலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வரைகலை வடிவமைப்பாளன். கழிவுநீர்க் குழிக்குள் இறக்கப்பட்டு இறந்த தொழிலாளர்களுக்காக எங்கள் குழு நடத்தும் கூட்டத்துக்கு ஒரு சுவரொட்டி செய்தேன். சிவப்புப் பின்னணியில் உயர்த்திய முஷ்டி. ‘இதை எத்தனை முறை பார்த்தாயிற்று’ என்றார் மூத்த தோழர் ஒருவர். நேர்த்தியாகச் செய்தாலோ, துயரத்தை அலங்கரிக்கிறோம் என்ற குற்றவுணர்வு வருகிறது. இந்தக் கலையால் எதுவும் அசைந்திருக்கிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் தோழர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முஷ்டி, ஏற்கெனவே நம் பக்கம் நிற்பவருக்கு நாம் காட்டும் சாடை. தெருவில் போகிறவர் ‘ஏதோ சங்கத்துக்காரர்கள்’ என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுவார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ‘புரூக்ஸ்’ கப்பலின் வரைபடம் நினைவுக்கு வந்தது.

லிவர்பூலைச் சேர்ந்த புரூக்ஸ், ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல். பிளிமத் நகரின் அடிமை வணிக எதிர்ப்புக் குழு முதலில் அச்சிட்ட படத்தை, 1789இல் லண்டன் குழு விரிவாக்கி வெளியிட்டது. மேலிருந்து பார்த்த தளங்கள், பக்கவாட்டுத் தோற்றம், குறுக்குவெட்டு. அவற்றுக்குள் தீப்பெட்டிக் குச்சிகளைப் போல அடுக்கப்பட்ட 482 உருவங்கள். வளர்ந்த ஆணுக்கு ஆறடி நீளம், பதினாறு அங்குல அகலம். சாட்டையும் கண்ணீரும் படத்தில் இல்லை.

அதன் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. கப்பலின் அளவுகள், அரசு அனுப்பிய கடற்படை அதிகாரி லிவர்பூலில் எடுத்தவை. 1788இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் புரூக்ஸுக்கு 454 பேரை அனுமதித்தது. அதற்கு முன்பு 609 பேர் வரை அதில் ஏற்றப்பட்டிருந்தார்கள். படத்தில் இருந்ததைவிட நெரிசல் கூடுதலாகவே இருந்திருக்கிறது என்பதால், மிகைப்படுத்திவிட்டார்கள் என்று வணிகர்களால் வாதாட முடியவில்லை. தவிர, சரக்கை எங்கே எப்படி அடுக்குவது என்று வணிகன் தன் கணக்குப்பிள்ளையிடம் வரைந்து தரச் சொல்லிக் கேட்கக்கூடிய படம்தான் அது. சரக்கு இருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவே. நேர்த்தியால் துயரம் அலங்காரமாகிவிடும் என்கிறீர்கள். இந்தப் படத்திலோ நேர்த்திதான் குற்றப்பத்திரிகை.

அடிமை வணிக எதிர்ப்பு இயக்கத்தின் முன்னோடி தாமஸ் கிளார்க்சன் அதைப் பாரிஸுக்கும் கொண்டுபோனார். அங்கே பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான மிராபோ அக்கப்பலுக்கு மரத்தால் ஒரு மாதிரியே செய்வித்தார். ஆனால் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது 1807இல்தான், அதுவும் இந்தப் படத்தால் மட்டுமல்ல: இடையில் மனுக்கள், சர்க்கரைப் புறக்கணிப்பு, 1791இல் பிரெஞ்சுக் காலனியான செயின்ட் டொமிங்கோவில் (இன்றைய ஹெய்ட்டி) அடிமைகளே நடத்திய கிளர்ச்சி எனப் பலவும் இருந்தன. அதே இயக்கத்துக்காக ஆங்கிலேயப் பீங்கான் உற்பத்தியாளர் வெட்ஜ்வுட் 1787இல் செய்த, விலங்கிட்டு மண்டியிட்ட மனிதனின் பதக்கத்தைப் பெண்கள் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள். சமூக ஊடகங்களில் முகப்புப் படம் மாற்றும் நம் பழக்கத்துக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா என்று நான் அவ்வப்போது கேலியாக நினைப்பதுண்டு, இருந்தாலும் அது பேச்சைப் பரப்பியது என்பதை மறுக்க மாட்டேன்.

புரூக்ஸ் படத்தில் எனக்கு ஒரு தீராத உறுத்தலும் உண்டு. அந்த 482 பேரில் ஒருவருக்கும் முகமில்லை, பெயரில்லை, எதிர்ப்பில்லை. வணிகன் அவர்களை எப்படிப் பார்த்தானோ அப்படியே நாமும் பார்க்க நேர்கிறது. அடிமையாக விற்கப்பட்டு, பின்பு தன்னை மீட்டுக்கொண்ட ஒலாடா எக்கியானோ தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டதும் அதே 1789இல்தான். படம் விட்ட இடத்தை நிரப்ப அந்தக் குரல் தேவைப்பட்டது.

எனவே முஷ்டியை எடுத்துவிடுங்கள். அந்தக் குழியின் வாயை அளந்து, சுவரொட்டியில் அதே விட்டத்தில் ஒரு கறுப்பு வட்டமாக அச்சிடுங்கள். பார்ப்பவர் தன் தோள் அதற்குள் நுழையுமா என்று தானே அளந்துகொள்ளட்டும். ஆழத்தை அடிக்கணக்கில் பக்கத்தில் எழுதுங்கள். இறந்தவர்களின் பெயர்களும் அதில் வர வேண்டும், சிறிய எழுத்தில் அல்ல. ஆனால் அச்சுக்கு அனுப்பும் முன் அவர்களுடைய வீடுகளுக்குப் போய், பெயர் போடலாமா, போட்டால் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.