ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டிஎன்எஸ்ஸை கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்று மாற்றினால் நெட் வேகம் கூடுமா?

பதில்: டவுன்லோடு வேகம் கூடாது தம்பி. தளத்தின் பெயருக்கு ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் முகவரி எண்ணைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. அந்தத் தேடல் சீக்கிரம் முடிந்தால் பக்கம் சட்டென்று திறக்கத் தொடங்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கே போய் மாற்றுவது சார்?

பதில்: பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்துப் பாருங்கள். திறக்கவில்லையா, ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் இரண்டு இடங்களில் டிஎன்எஸ் கட்டம் இருக்கும். இன்டர்நெட் இணைப்புப் பக்கத்தில் போட்டால் ரவுட்டர் புது சர்வரிடம் கேட்டு வீட்டுக்குச் சொல்லும். லேன் (வீட்டு நெட்வொர்க்) பகுதியில், கருவிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் டிஎச்சிபிக்குக் கீழே போட்டால் ஒவ்வொரு போனும் அந்த சர்வரிடம் நேராகவே கேட்கும். முதல் இடத்தை இணைப்பு கொடுத்தவர்கள் பூட்டி வைத்திருந்தால் இரண்டாவதில் போடுங்கள். பழைய எண்களை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சேவ் செய்தபின் போனில் வைஃபையை அணைத்துப் போட்டால்தான் புது எண் வரும்.

கேள்வி: பிள்ளைகளுக்காக, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் 1.1.1.3 போட்டேன், இரண்டாவது கட்டத்தில் 8.8.8.8. ஆபாசத் தளங்கள் சில நேரம் திறந்துவிடுகின்றனவே?

பதில்: கோளாறு அந்த இரண்டாவது கட்டத்தில்தான் அம்மா. முதலாவது செத்தால்தான் இரண்டாவது வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பல கருவிகள் இரண்டிடமும் மாறிமாறிக் கேட்கும். அது கூகுளின் சர்வர், ஆபாசத் தளங்களை வடிகட்டாது. அங்கே 1.1.1.3-இன் ஜோடி எண்ணான 1.0.0.3 போடுங்கள். கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து என்எஸ்லுக்கப் என்ற கட்டளையோடு அந்தத் தளத்தின் பெயரை அடியுங்கள், 0.0.0.0 என்று வந்தால் தடுப்பு வேலை செய்கிறது. வேறு எண் வந்தால் ஐபிவி6 (புது வகை ஐபி எண்) வழியாக ஒழுகுகிறதா என்று பாருங்கள். அதற்கும் தனிக் கட்டம் உண்டு: 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003.

கேள்வி: எல்லாம் சரி, என் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் மாறவில்லை.

பதில்: செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது. அதில் ஏதாவது பெயர் கொடுத்திருந்தால் போன் ரவுட்டர் சொல்வதைக் கேட்காது.

கேள்வி: நான் தொடாமலே ரவுட்டரில் டிஎன்எஸ் எண் மாறியிருக்கிறது. இணைப்பு கொடுத்தவர்களும் மாற்றவில்லையாம். பயப்பட வேண்டுமா?

பதில்: ஆமாம், இன்றே கவனியுங்கள். டிஎன்எஸ்ஸைப் பிடித்தவர் உங்களைப் போலி வங்கிப் பக்கத்துக்கே அனுப்பலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் இப்படித்தான் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களின் எண்களை மாற்றியது; பாதிக்கப்பட்டவர்களின் நெட் அறுந்துபோகாமல் இருக்க வைத்த மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தும் வரை அமெரிக்காவின் எஃப்பிஐ அதோடு மல்லுக்கட்டியது. ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பியுங்கள், வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. அதுவரை அந்த வைஃபையில் வங்கி வேலை எதுவும் வேண்டாம்.