பார்னார்டின் மங்கலான விண்மீன் திரள்: கேள்வி பதில்

வானியலாளர் பார்னார்டு கண்டுபிடித்த, தனுசு ராசியில் இருக்கும் என்.ஜி.சி. 6822 (வான்பொருள் பட்டியலில் இதன் எண்) என்ற ஒழுங்கற்ற விண்மீன் திரளைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், பெரிய தொலைநோக்கிகளுக்குச் சிக்காதது பார்னார்டின் சின்னக் கருவிக்கு எப்படிச் சிக்கியது?

பதில்: சின்னதாக இருந்ததுதான் காரணம். எட்வர்ட் பார்னார்டு அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஏழை வீட்டுப் பிள்ளை; சிறுவயதிலேயே புகைப்படக் கூடத்தில் வேலைக்குப் போனவர். வால்மீன் தேடுவதில் தீராத ஆசை. அதற்கு உருப்பெருக்கத்தைக் குறைத்து வைத்து, வானத்தை அகலமாகத் துழாவ வேண்டும். 1884-இல் அப்படித்தான், ஐந்தாறு அங்குலக் கருவியில் இது தென்பட்டது.

இதன் மொத்தப் பொலிவெண் (எண் கூடக்கூட மங்கல்) 9-ஐ ஒட்டி வரும்; சின்னத் தொலைநோக்கிக்கும் எட்டும் அளவுதான். கேட்டால் சுலபம் போல இருக்கும். ஆனால் அந்த ஒளி முழுநிலவின் பாதி அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் இன்னும் நீர்த்துப்போய் வானத்தோடு கரைந்துவிடும். 1787-லேயே வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இதற்கு முக்கால் பாகைகூட இல்லாத தூரத்தில் என்.ஜி.சி. 6818 என்ற கோள்வடிவ நெபுலாவை (சாகும் விண்மீன் உதறிய வாயுக் கூடு)க் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய கருவி பார்னார்டுடையதைவிட எவ்வளவோ பெரியது. இந்தத் திரள் மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: இது பால்வீதிக்கு வெளியே இருப்பது எப்போது தெரிந்தது?

பதில்: 1925-இல். எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சன் 100 அங்குலத் தொலைநோக்கியின் படங்களில், இதற்குள் 11 செஃபீட் விண்மீன்களை, அதாவது ஒளி சீராகக் கூடிக் குறைந்து துடிக்கும் விண்மீன்களைக் கண்டார். செஃபீட் மெதுவாகத் துடித்தால் அதன் உண்மையான ஒளி அதிகம். ஆக, துடிப்பின் நாள்களை எண்ணி, கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். அவருக்குக் கிடைத்தது சுமார் 7 லட்சம் ஒளியாண்டு; பால்வீதிக்கு வெளியேதான். ஹபிள் என்றாலே எல்லாரும் அவர் ஆண்ட்ரோமீடா திரளுக்குத் தூரம் கண்டதையே சொல்கிறார்கள். இந்தத் திரளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கும் அதே மரியாதை தர வேண்டும்.

கேள்வி: இப்போது 16 லட்சம் என்கிறார்களே?

பதில்: ஆமாம். அன்றைய செஃபீட் அளவுகோலே பிசகு. அவற்றில் இரண்டு வகை உண்டு என்று வானியலாளர் வால்டர் பாடே பிற்பாடு காட்டிய பிறகுதான் சரியானது.

கேள்வி: அண்ணா, ஒழுங்கற்றது என்றால் சிதைந்துபோனதா?

பதில்: இல்லை தம்பி. சுருள் கரங்களும் இல்லை, உருண்டை வடிவமும் இல்லை, அவ்வளவுதான். வடக்கு ஓரத்து வாயு மேகங்களில் இன்றும் விண்மீன்கள் பிறக்கின்றன.

கேள்வி: என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. சென்னை மொட்டைமாடியில் தெரியுமா?

பதில்: நகர வெளிச்சத்தில் வேண்டாம். மே மாதத்தில் நிலா இல்லாத இரவாகப் பார்த்து ஊருக்கு வெளியே போங்கள். விடிகாலை நான்கு மணிக்குத் தெற்கே நல்ல உயரத்தில் இருக்கும். 30 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) முதலில் அந்த 6818 நெபுலாவைப் பிடியுங்கள். நீலப்பச்சையாகச் சின்னப் புள்ளி. அப்புறம் கொஞ்சம் தெற்கே நகர்த்தி, ஓரக்கண்ணால் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால் குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசையும்போதுதான் அந்தப் புகைத்திட்டு சட்டென்று தெரியும்.